கடலின் நடுவுக்கு என்ன பெயர், அடிக்கு என்ன பெயர்

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றி வரும் பட்டியல் ஒன்று உண்டு. ‘கடலுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள் பாருங்கள்’ என்று ஆரம்பித்து, ஆழி, ஆர்கலி, முந்நீர், பரவை, புணரி, பௌவம், உவரி, வாரிதி, சாகரம், சமுத்திரம் என்று ஒரே மூச்சில் அடுக்கிவிட்டு, கடைசியில் ‘தமிழன்டா’ போட்டு முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பெயர்களோடு ஒரு சண்டையும் இல்லை, அடுக்குகிற விதத்தோடுதான் சண்டை. எல்லாம் ஒரே பொருள் என்பது போல அடுக்கினால் சொல்லின் பாதி உயிர் போய்விடுகிறது. பழைய செய்யுள் அகராதிகளான நிகண்டுகளை எழுதியவர்களும் அப்படித்தான் அடுக்கினார்கள், சரி, ஆனால் அவர்கள் செய்யுள் கட்டுகிறவர்களுக்கு எதுகை மோனைக்குக் கைகொடுக்க எழுதினார்கள். நமக்கு என்ன அவசரம்? ஒவ்வொரு சொல்லையும் யாரோ ஒருவர் எங்கேயோ இருந்துகொண்டுதான் முதலில் சொல்லியிருப்பார். கரையில் நின்றாரா, படகில் இருந்தாரா, கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கிப் பார்த்தாரா என்று கேட்டால் பட்டியல் தானாகப் பிரியும். அப்படிப் பிரித்துப் பார்த்ததில் எனக்கு உறுத்தியது இதுதான்: கரைச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன, நடுக்கடலுக்குக் கொஞ்சம்தான், அடிக்கு வந்தால் சொந்தச் சரக்கே இல்லாமல் நரகத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள்.

கரைச் சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆர்கலி என்றால் நிறைந்த ஆரவாரம். அலை வந்து உடைகிற இடத்தில் கேட்கிற இரைச்சல் அது. காற்றில்லாத நாளில் கரை மறைகிற தூரம் போய் இன்ஜினை அணைத்தால் கடல் அப்படியொன்றும் கத்தாது. புணரிக்கு அலை என்றும் பொருள், ஒன்றோடொன்று வந்து சேர்வதைப் பார்த்து வைத்தது. உவரி உப்பு, திருநெல்வேலிக் கடற்கரையில் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது. புறநானூற்றின் ஆறாம் பாட்டில் காரிகிழார் எல்லை சொல்லும்போது ‘குணாஅது கரைபொரு தொடுகடற் குணக்கும், குடாஅது தொன்றுமுதிர் பௌவத்தின் குடக்கும்’ என்கிறார். கிழக்கே இருப்பது கரையோடு மோதுகிற, தோண்டப்பட்ட கடல். ‘தொட்டனைத்தூறும் மணற்கேணி’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே தொடுதல்தான். சகரனின் பிள்ளைகள் தோண்டி உண்டானது கடல் என்ற புராணக் கதையை உரைகாரர்கள் இங்கே கொண்டுவருவார்கள், சாகரம் என்ற சொல்லுக்கும் அதே கதைதான் சொல்வார்கள். மேற்கே இருப்பதோ மிகப் பழைய, முதிர்ந்த பௌவம். அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரு கடல் வெட்டியது, இன்னொன்று வயதானது. பட்டியலில் இதெல்லாம் தெரியாது.

பரவை எனக்குப் பிடித்த சொல். பரவு, பரப்பு, பரந்த என்கிற குடும்பம். சத்தத்தையும் உப்பையும் விட்டுவிட்டு விரிந்து கிடப்பதை மட்டும் சொல்கிறது. திருவாரூரில் சுந்தரர் மணந்துகொண்டவரின் பெயரும் பரவையார்தான்; பெண் குழந்தைக்குக் கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இன்று வைத்தால் பள்ளியில் சேர்க்கும்போது இரண்டு தடவை கேட்பார்கள்.

இந்தப் பரவைக்குக் கிரேக்கத்தில் சரியான ஜோடி இருக்கிறது. பழைய கிரேக்கர்கள் கடலுக்குப் பல சொல் வைத்திருந்தார்கள். ஹல்ஸ் என்பது உப்பு, அப்படியே நம் உவரி. பொந்தொஸ் வழி என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. லத்தீனில் பாலத்துக்குச் சொல்லும் பொன்ஸ் அதற்குச் சொந்தம், அதாவது கடல் என்றால் அக்கரைக்குப் போகிற பாதை. தலாஸ்ஸா என்ற சொல்லை, கிரேக்க மொழி அங்கே வந்து சேர்வதற்கு முன்பு பேசப்பட்ட ஏதோ ஒரு மொழியிலிருந்து எடுத்திருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் கணிப்பு. இன்னொன்று பெலகோஸ், கரையை விட்டு விலகிய திறந்த கடல். தட்டையாக விரிந்திருப்பது என்ற வேரோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இன்றைக்குக் கடல் அறிவியலில் பெலாஜிக் என்று சொல்வது, கரையும் தரையும் தொடாத அந்த நடு நீரை. நம் ‘கடல்’ என்ற பொதுச்சொல்லையும் ‘கட’ என்ற வினையோடு சேர்த்து, கடக்கப்படுவது என்று விளக்குகிறவர்கள் உண்டு. அது சரியென்றால் பொந்தொஸும் கடலும் ஒரே யோசனையில் பிறந்தவை. நான் அதற்குச் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது.

பெலகோஸ் போன போக்கும் வேடிக்கைதான். அதற்கு முன்னால் ‘முதன்மையான’ என்ற பொருளில் ஆர்க்கி சேர்த்து ஆர்க்கிபெலகோ என்று இத்தாலியர்கள் ஏஜியன் கடலைச் சொன்னார்கள். தலைமைக் கடல் என்று பொருள். அந்தக் கடல் முழுக்கத் தீவுகள். சொல்லிச் சொல்லி, பெயர் தண்ணீரிலிருந்து நழுவித் தீவுகளின் மேல் ஏறிவிட்டது, இப்போது ஆர்க்கிபெலகோ என்றால் தீவுக்கூட்டம். இப்படி நழுவுவது நமக்கும் புதிதில்லை. சமுத்திரம் என்றால் நீரெல்லாம் வந்து கூடுகிற இடம், பெருங்கடல். ஆனால் தஞ்சாவூர் மாரியம்மன் கோவில் பக்கம் சமுத்திரம் என்பது ஓர் ஏரி. பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று பெருமையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், அந்தப் பெருமை ஊர்ப் பெயர்களிலும் ஒட்டிக்கொண்டது, கடற்கரையே இல்லாத உள்நாட்டில் இத்தனை சமுத்திரங்கள் இருப்பது அதனால்தான்.

சரி, முந்நீர். இந்த ஒரு சொல்லுக்காகப் பழைய உரைகாரர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் மூன்றும் சேர்ந்தது முந்நீர் என்பது நமக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கப்பட்ட விளக்கம். புறநானூற்றின் பழைய உரைகாரர் அதைத்தான் சொல்கிறார், கூடவே முன்னீர் என்று பாடம் வைத்துக்கொண்டு, நிலத்துக்கு முன்பே இருந்த நீர் என்று சொல்வாரும் உண்டு என்கிறார். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் இதை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆற்றில் ஓடுவதே மழை நீர்தானே, இந்த இரண்டும் இல்லையென்றால் ஊற்று எங்கிருந்து வரும், அப்புறம் எப்படி மூன்று என்று எண்ணுவாய் என்று கேட்கிறார். பழைய நீர் என்ற விளக்கத்தையும் விடவில்லை. ‘நெடுங்கடலும் தன்னீர்மை குன்றும்’ என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார், மழை பெய்யாவிட்டால் கடலே குறையும், ஆக அதுவும் ஆகாது என்று தள்ளிவிடுகிறார். அவர் சொல்லும் பொருள், மூன்று செயல் செய்கிற நீர்: மண்ணைப் படைப்பது, மண்ணைக் காப்பது, மண்ணை அழிப்பது. நீர்ச் சுழற்சியை வைத்து ஒரு சொல்லாராய்ச்சியை உடைத்துப் போடுகிற இந்த வாதம் இன்று படித்தாலும் சுறுசுறுப்பாக இருக்கிறது. எழுத்தும் ‘முன்னீர்’ என்று இல்லாமல் ‘முந்நீர்’ என்று இருப்பதால் மூன்று என்ற பக்கம்தான் சாய்கிறது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கடற்கரையில் நின்ற யாருக்கும் அந்த மூன்றாவது செயலை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு முந்நீரில் பிடித்தது வேறொன்று. இது பெரும்பாலும் கப்பல் ஓடுகிற கடலாக வருகிறது. ‘முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை’ என்று தொல்காப்பியம் சொல்லும்போது கடற்பயணம் என்றுதான் பலர் பொருள் கொண்டார்கள். வெண்ணிக் குயத்தியார் கரிகாலனிடம் ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி, வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்கிறார், காற்றை வேலை வாங்கிய அவன் முன்னோன் பெரிய முந்நீரில் நாவாய் விட்டிருக்கிறான். ராசராசன் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டில் அவன் வெற்றிகளைப் பாடும் முகப்புப் பகுதியில், ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’, பன்னிரண்டாயிரம் தீவுகள் என்று மாலத்தீவைச் சொல்கிறது. (மாலத்தீவில் உண்மையில் சுமார் 1,200 தீவுகள்தான், மெய்க்கீர்த்தி எழுதியவர் கணக்கில் கொஞ்சம் தாராளம்.) அவன் மகன் ராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில்தான் நடுக்கடல் என்பது நேரடியாக வருகிறது: ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’. 1025 வாக்கில் நடந்த கடாரப் படையெடுப்புக்கு அலங்காரமான சொல் எதுவும் தேடவில்லை, நடு என்றே சொல்லிவிட்டார்கள். கரை இரண்டு பக்கமும் இல்லாத இடத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆழிக்கு வந்தால் ஒரு பழைய குழப்பம் காத்திருக்கிறது. ஆழமானது ஆழி, கடல். ஆனால் வட்டமானதும் ஆழி, சக்கரம், மோதிரம். கணையாழி அந்த வழி. ‘அறவாழி அந்தணன்’ என்ற குறளில் பரிமேலழகர் அறக்கடல் என்று பொருள் கொண்டுவிட்டு, தர்ம சக்கரம் என்று சொல்வாரும் உளர் என்று நேர்மையாக எழுதி வைத்தார். ஆண்டாள் இந்தச் சிக்கலையே விளையாட்டாக்கிவிட்டாள். ‘ஆழி மழைக்கண்ணா’ பாட்டில் மேகம் ‘ஆழியுள் புக்கு’ முகந்துகொள்கிறது, அது கடல். மூன்று வரி தள்ளி பற்பநாபன் கையில் ‘ஆழிபோல் மின்னி’, அது சக்கரம். அதே திருப்பாவையின் கடைசிப் பாட்டில் வருகிற ‘வங்கக் கடல்’, கப்பல்கள் ஓடும் கடல். வங்கம் என்றால் மரக்கலம். இன்றைக்குச் செய்தியில் ‘வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்றால் அது வங்காள விரிகுடா. மார்கழியில் அதிகாலை ஒலிபெருக்கியில் ஒரு வங்கக்கடல், ஏழு மணிச் செய்தியில் இன்னொரு வங்கக்கடல், இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஆழம் என்றதும் லத்தீன் நினைவுக்கு வருகிறது. அதில் ஆல்ட்டுஸ் என்றால் உயரம், ஆழமும் அதே சொல்தான். மேலிருந்து அளந்தால் ஆழம், கீழிருந்து அளந்தால் உயரம், அவர்களுக்கு இரண்டும் ஒரே செங்குத்துத் தூரம். அதனால் ஆல்ட்டும் என்றால் ஆழ்கடல், கரையை விட்டு விலகிய கடல். ஸ்பானிஷில் இன்றும் ஆல்ட்டா மார், பிரெஞ்சில் ஓத் மேர், ஆங்கிலத்தில் ஹை சீஸ். அப்படியே தமிழாக்கினால் உயர்கடல் என்று அபத்தமாக வரும். கடல் சட்டத்தில் ஹை சீஸ் என்றால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நீர், கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் தாண்டியது. ஆழத்துக்கு வைத்த சொல் தூரத்துக்குப் பெயராகிவிட்டது.

நம் ஆழ்கடலுக்கும் இதேதான் நடந்திருக்கிறது. மூதுரையில் ஔவையார் ‘ஆழ அமுக்கி முகக்கினும் ஆழ்கடல்நீர் நாழி முகவாது நானாழி’ என்கிறார். அங்கே ஆழ்கடல் என்றால் ஆழமான கடல், அவ்வளவுதான்; நாழியை அமுக்கி மொள்ளுகிறவர் கரையோரம் நின்றால்கூட பாட்டு செல்லும். இன்றைக்கு ‘ஆழ்கடல் மீனவர்கள்’ என்றால் தூரக் கடலுக்குப் போகிறவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் அந்தத் தொழிலுக்குப் பேர் பெற்றவர்கள், சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடலில் எங்கெங்கோ போகிறவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது அந்தச் சொல்லின் தூரம் என்ன என்பது ஊருக்கெல்லாம் புரிந்தது: ‘கடலுக்குப் போக வேண்டாம்’ என்ற எச்சரிக்கை கரையில் இருந்தவர்களுக்கு வந்தது, பல நாள் முன்பே போய்விட்டவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்? வானிலை அறிக்கைகளில் ‘ஆழ்கடலில் உள்ளவர்கள் கரை திரும்ப வேண்டும்’ என்ற வரியைக் கேட்கும்போதெல்லாம், அதை யாரிடம் சொல்கிறார்கள் என்று இப்போதும் தோன்றும்.

தென்மாவட்டங்களில் புழங்குகிற இன்னொரு சொல் இருக்கிறது, எந்த நிகண்டிலும் வராது, வாட்ஸ்அப் பட்டியலிலும் வராது. தங்குகடல். காலையில் போய் இரவு திரும்பாமல், ஐஸ், டீசல், அரிசி, தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போய், நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிப்பதைத் தங்குகடல் மீன்பிடி என்பார்கள், விசைப்படகுக்காரர்களின் கோரிக்கை மனுக்களிலும் அப்படியே எழுதுவார்கள். நிறம், சத்தம், உப்பு, பரப்பு, ஆழம் எதுவுமே இதில் இல்லை. அந்தக் கடலில் எத்தனை ராத்திரி படுக்க வேண்டும் என்பதுதான் பெயர். படகில் இருந்துகொண்டு வைத்த பெயர் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கரையில் நின்றவனுக்கு இது தோன்றியிருக்காது. என்னைக் கேட்டால் திறந்த கடலுக்குத் தமிழில் இருப்பதில் நல்ல சொல் இதுதான்.

இனி அடி. ஆழத்தை மனிதன் முதலில் அளந்தது கையால். இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை ஒரு பாகம், சில இடங்களில் மார் என்பார்கள். கயிற்றை மேலே இழுக்கும்போது ஒவ்வொரு தடவையும் கையை அகல விரித்து இழுத்தால் எண்ணிக்கை தானாக வந்துவிடும், தனியாக அளவுகோல் எதற்கு? ஆங்கிலத்தின் ஃபேதமும் இதேதான்: பழைய ஆங்கிலத்தில் அது விரித்த கைகள், அணைப்பு; பிறகு 6 அடி, 1.83 மீட்டர் என்று நிலைத்தது, அதற்கும் பிறகு ஒன்றின் ஆழத்தைப் புரிந்துகொள்வது என்றும் ஆனது. ஐரோப்பியக் கப்பல்களின் ஈயக்குண்டில் அடிப்பக்கம் ஒரு குழி இருக்கும், அதில் மாட்டுக்கொழுப்பை அப்பி இறக்குவார்கள். தரையைத் தொட்டதும் அங்கே இருப்பது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு வரும். மணலா, சேறா, கிளிஞ்சல் தூளா என்று விரலில் தேய்த்துப் பார்த்தே கப்பல் எங்கே இருக்கிறது என்று சொல்கிற ஆட்கள் இருந்தார்கள்.

ஆழம் ஆயிரக்கணக்கான பாகம் என்று ஆகும்போது இந்த வித்தை திணறும். குண்டு தரையைத் தொட்ட பிறகும் கயிறு தன் எடையாலேயே ஓடிக்கொண்டிருக்கும், நீரோட்டம் அதை வளைத்துக்கொண்டு போகும், தட்டியதா இல்லையா என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு நீளம் இறங்கவும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்து, வேகம் சட்டென்று குறைந்தால் தரை என்று முடிவு செய்தார்கள். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் அப்படித்தான் வேலை செய்தது. 1875 மார்ச்சில் மரியானா தீவுகள் பக்கம் கயிறு 4,475 பாகம் இறங்கியது, 8,184 மீட்டர். அந்தப் பள்ளத்தின் மிக ஆழமான பகுதிக்கு இன்று சேலஞ்சர் பெயர்தான், ஆழம் 10,900 மீட்டருக்கு மேல்.

இவ்வளவு ஆழத்துக்குப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது யாரிடமும் பார்த்த சாட்சி இல்லை. அபிஸ் என்பது கிரேக்கத்தின் அபுஸ்ஸோஸ், அடி இல்லாதது. பைபிள் கிரேக்கத்துக்குப் போனபோது ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்தில் இந்தச் சொல்லைப் போட்டார்கள். தமிழில் அந்த இடம் ‘ஆழத்தின்மேல் இருள் இருந்தது’. வெளிப்படுத்தின விசேஷத்தில் அதே அபுஸ்ஸோஸ் தமிழில் ‘பாதாளக்குழி’. இன்று கடல் அறிவியலில் 4,000 மீட்டரிலிருந்து 6,000 மீட்டர் வரை உள்ளது அபிஸல் மண்டலம், அடி இல்லாதது என்று பெயர் வைத்துவிட்டு அதற்கு அடியும் அளந்துவிட்டார்கள். அதற்குக் கீழே இன்னும் பள்ளம் இருப்பது தெரிந்ததும், டென்மார்க்கின் கலத்தியா கப்பல் 1950 முதல் 1952 வரை ஆழத்திலிருந்து உயிர்களை அள்ளி வந்த பிறகு, அன்டன் ப்ரூன் என்ற விஞ்ஞானி அந்தப் பகுதிக்கு ஹேடல் என்று பெயரிட்டார். ஹேடீஸ் கிரேக்கர்களின் இறந்தோர் உலகம். நம்மூர்ப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேரை 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளத்தில் உட்காரவைத்து அனுப்பத் திட்டமிடுகிற மத்ஸ்யா 6000, பெயரிலேயே சொல்வது போல, 6,000 மீட்டர் வரை. அபிஸலின் கடைசிப் படி அது, அதற்குக் கீழே ஹேடல்.

செய்தித்தாள்களில் இதை ‘ஹேடல் மண்டலம்’ என்றே எழுதுகிறார்கள். பாதாளம் என்ற சொல் சும்மாதானே இருக்கிறது, அதைப் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றும். புராணத்திலும் இருக்கிறது, பைபிளிலும் இருக்கிறது, கிணறு உள்ள வீடுகளில் வாளி விழுந்தால் எடுக்கிற கொக்கிக் கொத்துக்குப் பாதாளக்கரண்டி என்று பெயரும் இருக்கிறது. சேலஞ்சரும் கலத்தியாவும் கயிற்றில் இறக்கி இழுத்தது அந்தக் கரண்டியின் அண்ணன்தான், அதில் மாட்டி மேலே வந்தது வாளிக்குப் பதிலாகக் கடல் வெள்ளரியும் புழுவும்.